உடம்பும் கணக்கு வைக்கும்

தை அறுவடை முடிந்து வயல் காய்ந்துவிட்டால் போதும். புதுவயல், கண்டனூர், பள்ளத்தூர் பக்கம் எங்கே பார்த்தாலும் ஸ்டம்ப் நட்டிருக்கும். ஒரு டென்னிஸ் பந்து டோர்னமென்ட் முடிவதற்குள் அடுத்ததற்கு போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் தொடங்குகிற ஆட்டம் இருட்டும் வரை நடக்கும்.

ஒவ்வொரு அணியிலும் வேகமாகப் பந்து போடுகிற பையன் ஒருவன் இருப்பான். வயது பதினைந்து, பதினாறு இருக்கும். அவனை நம்பித்தான் அணியே. முதல் ஓவரும் அவன்தான், நெருக்கடியான கடைசி ஓவரும் அவன்தான். வார நாட்களில் பள்ளி அணிக்குப் போடுவான். மாலையில் தெரு அணிக்குப் போடுவான். ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். தைலம் தேய்ப்பார்கள். சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போவார்கள். “வளர்ற பிள்ளைக்கு வலி வரத்தான் செய்யும்” என்பார் அப்பத்தா. வலி கொஞ்சம் அடங்கியதும் பையன் மறுபடி பந்தைக் கையில் எடுத்துவிடுவான்.

அது வெறும் தசைப்பிடிப்பாக இருக்கலாம். கீழ் முதுகெலும்பில் மயிரிழை விரிசல் விழத் தொடங்கியதன் அடையாளமாகவும் இருக்கலாம். வேகப்பந்து வீசும் வளரிளம் பிள்ளைகளுக்கு இந்த விரிசல் வருவது விளையாட்டு மருத்துவர்களுக்குப் பழக்கமான செய்திதான். முதுகெலும்பு முழு வலிமை பெற இருபது வயதைத் தாண்ட வேண்டும். அதற்கு முன்பே பெரிய ஆளின் வேலையை அதற்குக் கொடுத்துவிடுகிறோம்.

எவ்வளவு பெரிய வேலை? அதை அளந்து சொல்கிற படிப்புக்குத்தான் ‘பயோமெக்கானிக்ஸ்’ என்று பெயர். உடலசைவின் இயந்திரவியல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பந்துக்கு நான்கு மூட்டை

வேகப்பந்து வீச்சாளர் ஓடிவந்து, பந்தை விடுவதற்குச் சற்று முன் முன்காலைத் தரையில் ஓங்கி ஊன்றுகிறார். ஆய்வுக்கூடங்களில் அந்த இடத்தில் தரைக்குள் ஒரு விசைத்தட்டைப் பதித்து வைத்திருப்பார்கள். எடை பார்க்கும் மெஷினின் அண்ணன் மாதிரி. நொடிக்கு ஆயிரம் தடவை வரைகூட அளக்கும். அது காட்டுகிற கணக்கு, அந்த ஒரு கணத்தில் உடல் எடையைப் போல் ஐந்து மடங்கு பாரம் முன்காலில் இறங்குகிறது என்பதுதான். சிலருக்கு அதைவிட அதிகம்.

அறுபது கிலோ எடையுள்ள பையன் என்றால் முந்நூறு கிலோ. அரிசி ஆலைகளுக்குப் பேர்போன புதுவயலில் இதைப் புரியவைப்பது சுலபம். 75 கிலோ நெல் மூட்டை நான்கு. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நான்கு மூட்டை இறங்கி, எழும்பிவிடுகிறது. பத்து ஓவர் போட்டால் அறுபது தடவை.

ஆலையில் மூட்டை சுமக்கிற அனுபவசாலியைக் கவனித்தால் ஒன்று தெரியும். பாரம் முதுகில் இருக்கும்போது இடுப்பைத் திருக மாட்டார். திரும்ப வேண்டும் என்றால் பாதத்தை மாற்றி வைத்து முழு உடம்போடு திரும்புவார். பந்து வீசுகிறவருக்கு அந்த வசதி இல்லை. பாரம் இறங்கும் அதே கணத்தில் முதுகு பின்னால் வளைகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, திருகவும் செய்கிறது. வலது கையால் வீசுகிறவருக்குக் கீழ் முதுகின் இடது பக்கத்தில்தான் விரிசல் அதிகம் வருகிறது என்பதற்கு இதுவே காரணம்.

கண் பார்க்காததை கேமரா பார்த்தது

உடலசைவை அளப்பது என்பது கிரிக்கெட்டில் பெரிய பேச்சானதற்கு ஒரு தமிழர் காரணம். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் மைதானத்தில், இலங்கையின் முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று சொல்லி நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை நோ-பால் கொடுத்தார். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. வளைந்த கை சுழலும்போது அது நிமிர்வதுபோல் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் நிமிர்கிறதா, எத்தனை டிகிரி என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அவர் கையை அளந்தார்கள். அதன் பிறகு மற்றவர்களையும் அளக்கத் தொடங்கியபோதுதான் வேடிக்கை வெளிப்பட்டது. யாரும் சந்தேகப்படாத பல பந்துவீச்சாளர்களின் முழங்கையும் கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது! கண்ணை நம்பிப் போட்ட விதியை அளவை நம்பி மாற்ற வேண்டியதாயிற்று. முழங்கை 15 டிகிரி வரை நிமிரலாம் என்ற விதி 2005-ல் நடைமுறைக்கு வந்தது. முரளி 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு 2010-ல் ஓய்வு பெற்றார்.

இன்று அந்த அளவை எடுக்க பெர்த்துக்குப் போகத் தேவையில்லை. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறிவியல் மையத்துக்கு, பந்துவீச்சைச் சோதிக்கும் அங்கீகாரத்தை சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் கொடுத்தது. பாகிஸ்தானின் முகமது ஹஃபீஸ் 2015-ல் இங்கே வந்தார். ஏப்ரலில் நடந்த சோதனையில் அவர் பந்துவீச்சு சரி என்று முடிவானது. ஜூலையில் அதே இடத்தில் நடந்த சோதனையில் 15 டிகிரியைத் தாண்டியது. 12 மாதத் தடை விழுந்தது. ஆளும் ஒன்று, கூடமும் ஒன்று, மூன்றே மாத இடைவெளி. திருத்திய பழக்கம் எவ்வளவு சீக்கிரம் பழைய இடத்துக்கு நழுவும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்த மாதிரிக் கூடத்தில் என்ன செய்கிறார்கள்? வீரரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் என்று மூட்டுகளைச் சுற்றி ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்னஞ்சிறு உருண்டைகளை ஒட்டுகிறார்கள். சுற்றிலும் அகச்சிவப்பு கேமராக்கள். ஒவ்வொன்றும் நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கும். பல கோணங்களிலிருந்து ஒரே உருண்டையைப் பார்ப்பதால் அது இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் சுத்தமாகக் கணினி கண்டுபிடிக்கிறது. முடிவில் திரையில் ஓர் எலும்புக்கூடு ஓடிவந்து பந்து போடும். அதை எந்தக் கணத்திலும் நிறுத்தலாம், சுற்றிப் பார்க்கலாம், கோணம் அளக்கலாம்.

துணி பிழிகிற மாதிரி

கை மடங்குகிறதா என்று பார்க்க வந்த இதே கருவிகள்தான் முதுகைக் காப்பாற்றும் வேலைக்கும் கைகொடுத்தன.

பெர்த்தில் பேராசிரியர் புரூஸ் எலியட்டும் அவர் குழுவினரும் வேகப்பந்து வீச்சாளர்களின் தோளையும் இடுப்பையும் தனித்தனியே அளந்து பார்த்தார்கள். தோளும் இடுப்பும் ஒரே திசையைப் பார்த்தபடி வீசினால் முதுகுக்குச் சேதாரம் குறைவு. இரண்டும் பேட்ஸ்மேனைப் பார்க்கலாம், அல்லது இரண்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்கலாம். இடுப்பு ஒரு பக்கமும் தோள் வேறு பக்கமும் திரும்பினால்தான் ஆபத்து. துணி பிழிகிற மாதிரி நடு முதுகு முறுக்கேறுகிறது. அந்த முறுக்கின் மேல்தான் நான்கு மூட்டை இறங்குகிறது. இதற்குக் ‘கலப்பு முறை’ என்று பெயர். முதுகு விரிசல் வந்தவர்களில் பலரிடம் இந்த முறை இருந்தது.

இந்தப் பாடத்தை உடம்பாலேயே படித்தவர் டென்னிஸ் லில்லி. ஆஸ்திரேலியாவின் அந்தப் புயல் 1973-ல் முதுகெலும்பு விரிசலால் சாய்ந்தது. அவ்வளவுதான் என்று பலர் நினைத்தார்கள். உடலைப் படிப்படியாகத் தயார் செய்து, வீசும் முறையையும் திருத்திக்கொண்டு 1974 இறுதியில் மீண்டும் களத்துக்கு வந்தார். அதே லில்லிதான் 1987-ல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்து அகாடமிக்குப் பயிற்சியாளராக வந்து, கால் நூற்றாண்டு காலம் வழிநடத்தினார். இந்தியப் பையன்களின் ஓட்டத்தையும் தோள் திருப்பத்தையும் வீடியோவில் போட்டுப் பார்த்துத் திருத்துவது பழக்கமானதில் அந்த அகாடமிக்கு நிறையப் பங்கு உண்டு.

முறையைத் திருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. உலகத்தரமான மருத்துவர்களும் கருவிகளும் பக்கத்திலேயே இருந்தும் ஜஸ்பிரீத் பும்ரா முதுகு விரிசலால் 2022 டி20 உலகக் கோப்பையைத் தவறவிட்டார். 2023 மார்ச்சில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். வீசும் முறை, வீசும் அளவு, கிடைக்கும் ஓய்வு என மூன்றும் சேர்ந்துதான் முதுகின் கணக்கை எழுதுகின்றன.

சட்டைப்பைக்குள் இருக்கும் சென்சார்

கேமராக் கூடத்துக்கு ஒரு குறை உண்டு. வீரர் அங்கே போக வேண்டும். கூடத்தில் போடுகிற பந்து வேறு. மேட்சில் வெயிலில் களைத்துப்போய்ப் போடுகிற பந்து வேறு. அதனால்தான் உடம்பிலேயே மாட்டிக்கொள்ளும் சென்சார்கள் வந்தன.

இவை ஏதோ விண்வெளிச் சமாச்சாரம் இல்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கிற போனைப் படுக்கவைத்துத் திருப்பினால் திரையும் கூடவே திரும்புகிறது அல்லவா? அதற்குள் இருக்கும் முடுக்கமானியும் சுழற்சிமானியும்தான் காரணம். நடக்கும்போது அடிகளை எண்ணிச் சொல்வதும் இவைதான். இதே வகைச் சில்லுகளைத் தீப்பெட்டி அளவுக் கூட்டில் வைத்து முதுகிலோ, கையிலோ, முழங்காலிலோ கட்டினால் எவ்வளவு வேகத்தில் ஓடினார், எத்தனை முறை திடீரென்று நின்றார், இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக இருக்கிறதா என்றெல்லாம் சொல்லும். ஹாக்கி, கால்பந்து வீரர்கள் பனியன் மாதிரி ஒன்றை அணிந்து பயிற்சி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே அதில் புடைத்திருப்பது இந்தக் கருவிதான்.

சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் குத்துச்சண்டைக்கென்று ‘ஸ்மார்ட்பாக்ஸர்’ என்ற அமைப்பை உருவாக்கி வருவதாக 2023-ல் அறிவித்தார்கள். கர்நாடகத்தில் இருக்கும் இன்ஸ்பயர் விளையாட்டுப் பயிற்சி நிலையத்துக்காகச் செய்தது. கையுறைக்குள் சென்சார், காலணிக்குள் தரை விசையை அளக்கும் மெத்தை, கால் தசைகளின் இயக்கத்தைப் படிக்கும் கருவி, மேல் உடலின் அசைவைப் பதியும் சில்லு, கூடவே வீடியோ கேமரா. குத்து கையில் முடிந்தாலும் அதன் பலம் காலில்தான் தொடங்குகிறது. எந்தக் குத்துக்கு எந்தக் கால் எவ்வளவு உதைத்தது என்பதைப் பயிற்சியாளரின் கண்ணால் பிடிக்க முடியாது. மெத்தை பிடித்துவிடும்.

ஆனால் ஒன்று. சென்சார் எண்ணைத்தான் கொடுக்கும், புத்தி சொல்லாது. முழங்கால் உள்ளே சாய்கிறது என்று சொல்லும். அது தசை பலவீனமா, களைப்பா, பழைய காயத்தின் பயமா என்று கண்டுபிடிக்க மனிதர் வேண்டும். இந்தியாவுக்குத் தடகளத்தில் முதல் ஒலிம்பிக் தங்கம் கொண்டுவந்த நீரஜ் சோப்ரா 2019-ல் முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அதிலிருந்து மீண்டு 2021-ல் டோக்கியோவில் ஜெயித்தபோது அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர் ஜெர்மனியின் கிளாவ்ஸ் பார்டோனியட்ஸ். அவரே ஒரு பயோமெக்கானிக்ஸ் நிபுணர். எண்ணைப் படிக்கவும் தெரிந்து, ஆளைப் படிக்கவும் தெரிந்தவர்.

பெண் பிள்ளைகளின் முழங்கால்

கபடி, கால்பந்து, வாலிபால் ஆடும் பெண் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தப் பகுதி அவர்களுக்கு. முழங்காலுக்குள் இருக்கும் குறுக்கு நாண் அறுவது பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். பெரும்பாலும் யாரும் இடித்து அறுவதில்லை. குதித்து இறங்கும்போதும், ஓடிக்கொண்டே சட்டென்று திசை மாறும்போதும் முழங்கால் உள்பக்கமாகச் சாய்வதுதான் வினை. இதையும் கேமராவும் விசைத்தட்டும்தான் காட்டிக்கொடுத்தன.

காரணம் தெரிந்ததும் மருந்து எளிதாயிற்று. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா, நிபுணர்களை வைத்து இருபது நிமிட வார்ம்-அப் ஒன்றை வகுத்தது. மெதுவாக ஓடுவது, ஒற்றைக் காலில் நிற்பது, முழங்கால் நேராக இருக்கும்படி குந்தி எழுவது, குதித்து மெத்தென்று இறங்குவது. அவ்வளவுதான். எந்தக் கருவியும் வேண்டாம். நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ள பெண்கள் கால்பந்து அணிகளில் இதைச் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன.

கோடிக்கணக்கில் செலவழித்துக் கூடத்தில் கண்டுபிடித்தது, கடைசியில் மண் மைதானத்தில் காசில்லாமல் செய்கிற நான்கு பயிற்சியாக வந்து நிற்கிறது. புதுவயலுக்கு வேண்டியதும் இதுதான்.

வீட்டிலேயே ஒரு பேரேடு

செட்டிநாட்டுக்குக் கணக்கெழுதக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்தவர்கள் பற்று வரவைப் பைசா பிசகாமல் பேரேட்டில் எழுதி, ஐந்தொகை போட்டுப் பார்த்த மண் இது. அந்தப் பழக்கத்தைப் பிள்ளையின் உடம்புக்கும் கொண்டுவந்தால் போதும்.

பள்ளி அணிக்கு ஒரு கேப்டன், தெரு அணிக்கு ஒரு கேப்டன், டோர்னமென்ட் அணிக்கு ஒரு கேப்டன். மூவரும் தங்களுக்குப் போட்ட ஓவரை மட்டும்தான் எண்ணுகிறார்கள். மூன்றையும் கூட்டிப் பார்க்க ஆளில்லை. பையனின் முதுகு மட்டும்தான் கூட்டிப் பார்க்கிறது.

* பந்துகளை எழுதுங்கள். தேதி போட்டு, அன்றைக்கு எல்லா இடத்திலும் சேர்த்து எத்தனை பந்து என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். வலைப்பயிற்சியும் கணக்கில் சேரும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல ஆண்டுகள் பின்பற்றிய வழிகாட்டுதலின்படி, 14, 15 வயது வேகப்பந்து வீச்சாளர் ஒரே மூச்சில் 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர் வரைதான் போடலாம். “டென்னிஸ் பந்துதானே, லேசுதானே” என்பார்கள். பந்து லேசு, முன்காலில் இறங்கும் பாரம் லேசாகிவிடாது.

* திடீர்த் தாவல் வேண்டாம். பரீட்சைக்காக ஒரு மாதம் பந்தையே தொடாமல் இருந்துவிட்டு, விடுமுறை தொடங்கிய முதல் வாரமே இரண்டு டோர்னமென்ட் ஆடுவதுதான் பெரிய ஆபத்து. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

* ஸ்லோ மோஷனில் எடுங்கள். சாதாரண வீடியோ நொடிக்கு 30 படங்கள். பந்து வீசும் வேகத்துக்கு அது போதாது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் கை நெடுந்தூரம் போயிருக்கும். பல போன்களில் 120 அல்லது 240 படங்கள் எடுக்கும் வசதி இருக்கிறது. போனை ஆடாமல் ஒரே இடத்தில் வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒன்றும் நேர் பின்னாலிருந்து ஒன்றும் எடுக்கலாம். டிகிரி கணக்கெல்லாம் போன் சரியாகச் சொல்லாது. ஆனால் முதல் ஓவரையும் ஆறாவது ஓவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி ஓவரில் உடம்பு கூடுதலாகச் சாய்ந்தால், முன்முழங்கால் குழைந்தால், அன்றைக்கு அவனுக்கு அதுதான் எல்லை. பும்ராவோடு ஒப்பிட வேண்டாம். அவனோடு அவனையே ஒப்பிட்டால் போதும்.

* வலியின் இடத்தைக் கேளுங்கள். இடுப்புக்கு மேலே ஒரு பக்கமாக மட்டும் வலி, பின்னால் வளைந்தால் கூடும் வலி, பந்து வீசினால் திரும்பத் திரும்ப வரும் வலி என்றால் தைலத்தோடு நிறுத்தக் கூடாது. எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். “வேகப்பந்து போடுகிற பையன்” என்று அவரிடம் சொல்வது முக்கியம். தொடக்க நிலை விரிசல் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்துச் சில மாதம் பந்துவீச்சை நிறுத்தினால் எலும்பு கூடிவிட வாய்ப்பு அதிகம். வலியோடு போட்டுக்கொண்டே இருந்தால் அந்த வாய்ப்பு குறைகிறது.

இதற்கெல்லாம் வழிகாட்ட ஆள் எங்கே என்று கேட்கலாம். பள்ளியிலேயே இருக்கிறார். உடற்கல்வி ஆசிரியர் படிப்பில் உடலசைவு இயந்திரவியலும் ஒரு பாடம். அந்தப் படிப்பைச் சொல்லித்தரும் அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்வியியல் கல்லூரி பக்கத்துக் காரைக்குடியில்தான் இருக்கிறது. நோட்டையும் வீடியோவையும் எடுத்துக்கொண்டு பி.டி. மாஸ்டரிடம் போய் நின்றால், “நல்லா போடுறான்” என்பதைத் தாண்டி அவரும் சொல்ல நிறைய இருக்கும்.

வேகமாகப் பந்து போடத் தெரிந்த பையன் ஊருக்கு ஒருவன்தான் கிடைப்பான். இருபத்தைந்து வயதில் எங்கே போய் நிற்பான் என்பதில் அவன் திறமைக்கு எவ்வளவு பங்கோ, பதினைந்து வயதில் அவனை எத்தனை பந்து போடவிட்டோம் என்பதற்கும் அவ்வளவு பங்கு உண்டு. அந்த நோட்டின் விலை இருபது ரூபாய்.